பாடு என்னும் சொல்

(வானொலி இலக்கிய உரைத்தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு காப்பியம் அன்று. ஒரு கவிஞரின் வரலாறும் அன்று. ஈரெழுத்துச் சொல் ஒன்று. 'பாடு' என்பது அந்தச் சொல். பல வருடங்களாகத் தமிழ் கற்பித்து வருகிற எனக்கு அச்சொல்லின் பொருளைக் கற்பித்தவன் பத்தாந் தரத்தில் என்னிடம் படித்த ஒரு மாணவன். அந்தக் கதையை முதலிற் சொல்லிவிட்டு இலக்கியத்துக்கு வருகிறேன்.

2022ஆம் ஆண்டின் பிற்பகுதி. எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்ற காலம் அது என்பது நேயர்களுக்கு நினைவிருக்கும். வகுப்பில் தொழிற்பெயர் கற்பித்துக்கொண்டிருந்தேன். வினையின் முதனிலை நீண்டு திரிந்து பெயராவதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்போம். கெடு என்பது கேடு ஆகும்; சுடு என்பது சூடு ஆகும்; படு என்பது பாடு ஆகும். இம்மூன்றையும் வைத்து வசனம் எழுதி வருமாறு பிள்ளைகளிடம் சொன்னேன்.

மறுநாள் கொப்பிகளைத் திருத்தினேன். கரையோரக் கிராமத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் இப்படி எழுதியிருந்தான்: "மண்ணெண்ணெய் இல்லாதபடியால் அப்பாவுக்குப் பாடு இல்லை." நான் தோட்டமும் வயலும் உள்ள ஊரிற் பிறந்தவன். எனக்குப் பாடு என்றால் துன்பம். பாடுபடுதல் என்றால் உழைத்தல். மண்ணெண்ணெய் இல்லாவிட்டால் துன்பம் கூடுமேயன்றி இல்லாமற் போகுமா? சிவப்பு மையால் வசனத்தைக் கோடிட்டு, 'பொருள் மாறுகிறது. பெரும்பாடு என எழுதுக' என்று பக்கத்தில் எழுதினேன். போதாதற்கு வகுப்பிலும் அதை வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் எழுந்து, "சேர், பாடு எண்டா மீன்" என்றான். சிரிப்பு இன்னும் கூடிற்று. நானும் சிரித்தேன் என்பதை இங்கே ஒளிக்காமற் சொல்லவேண்டும்.

அதன் பிறகு அவன் ஒரு கிழமை பாடசாலைக்கு வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலை சைக்கிளில் அவனுடைய ஊருக்குப் போனேன்.

வடமராட்சிக் கரையை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விவரிக்க வேண்டியதில்லை. படகுகள் கரையில் ஏற்றிக் கிடந்தன. ஒன்றிரண்டு மட்டும் கடலிலிருந்து திரும்பியிருந்தன. மணலில் சிறு கும்பல். நடுவில் ஒருவர் ஏலம் கூறிக்கொண்டிருந்தார். சைக்கிளில் பெட்டி கட்டிய வியாபாரி ஒருவர் எட்டிப் பார்த்து, "இண்டைக்குப் பாடு எப்பிடி?" என்று கேட்டார். "பாடு குறைவு" என்று பதில் வந்தது. நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அங்கே யாருக்கும் அகராதி தேவைப்படவில்லை. பாடு என்பது வலையில் பட்டது; அன்றைக்குக் கடல் கொடுத்தது. என் மாணவன் எழுதிய வசனத்தில் இலக்கணப் பிழையும் இல்லை, பொருட்பிழையும் இல்லை. பிழை சிவப்பு மையில்தான் இருந்தது.

அவனுடைய வீட்டுக்குப் போனேன். பையன் திண்ணையில் இருந்து தகப்பனாருடன் வலை பொத்திக்கொண்டிருந்தான். ஊசி வலைக்கண்ணுக்குள் போய் வருகிற வேகத்தைப் பார்த்தபோது, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் அதே பிள்ளைதானா இவன் என்று தோன்றியது. அப்பப்பா எழுந்து, "வாங்கோ மாஸ்ரர், இருங்கோ" என்றார். வந்த காரணத்தைச் சொன்னேன். கொப்பியைப் பற்றியும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "நீங்கள் படிச்ச தமிழ் வேற, இது தொழில் தமிழ்" என்றார். அந்த வார்த்தை எனக்குச் சுட்டது.

தொழில் என்ற சொல்லை அவர் வேண்டுமென்றே சொன்னார். கரையோர மக்கள் மீன்பிடிக்கப் போகிறேன் என்று சொல்வதில்லை. தொழிலுக்குப் போகிறேன் என்பார்கள். வேறு தொழில்கள் உலகில் இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ளாத பெருமிதம் அது.

அன்று அந்தத் திண்ணையில் இரண்டு மணித்தியாலம் இருந்தேன். அப்பப்பா தன் இளமையில் கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர். பாரமற்ற மரங்களைச் செதுக்கிக் கயிற்றாற் பிணைத்ததுதான் கட்டுமரம். அலை மேலால் ஏறினாலும் நீர் மரங்களின் இடுக்கால் வழிந்துவிடும். ஆகையால் அது தாழாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலிற் காயப்போடுவார்கள். ஈரம் ஊறிய மரம் மறுநாள் பாரமாகிவிடும் அல்லவா? ஆங்கிலம் தமிழிடம் கடன் வாங்கிய சொற்களில் கட்டுமரமும் ஒன்று என்று வகுப்பில் நான் பெருமையோடு சொல்லியிருக்கிறேன். ஆனால் ஏன் கட்டுகிறார்கள், ஏன் அவிழ்க்கிறார்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்திருந்தால்தானே!

கரைவலையைப் பற்றியும் அவர் சொன்னார். கயிற்றின் ஒரு நுனி கரையில் நிற்கும். வள்ளம் வலையை வளைத்துப் போட்டுக்கொண்டு போய் மறு நுனியைத் தூரத்தே கரை சேர்க்கும். இரு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். நடுவில் இருக்கும் பைக்கு மடி என்று பெயர். மீன் கடைசியில் மடிக்குத்தான் வந்து சேரும். தாயின் மடிக்கும் வலையின் மடிக்கும் ஒரே பெயர் வைத்த மக்களை நாம் தொழிலாளர் என்று மட்டும் எண்ணிவிடுகிறோம். இழுக்கும்போது அம்பாப் பாடுவார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் ஏற்றுப் பாடும் அந்தப் பாட்டின் தாளத்துக்குத்தான் கால்கள் மணலில் ஊன்றும்.

நேயர்களே, இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். படு என்ற அடியின் விரிவைப் பாருங்கள். வலையை நீரில் படுப்பார்கள், அதில் மீன் படும், பட்டது பாடு. படுதல் என்றால் விழுதல், சாய்தல், அகப்படுதல், துன்புறுதல் எல்லாம்தான். தொல்காப்பியம் நெய்தலுக்கு வகுத்த சிறுபொழுது எற்பாடு. எல் என்பது ஞாயிறு. பாடு என்பது சாய்தல். ஞாயிறு சாயும் பொழுது என்று பெரும்பாலும் பொருள் கொள்வர். ஏட்டில் மட்டும் உள்ள வழக்கென்று இதை நினைக்க வேண்டாம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைக்குப் படுவான்கரை என்றும் கிழக்குக் கரைக்கு எழுவான்கரை என்றும் இன்றும் பெயர். ஞாயிறு படுகிற கரை, எழுகிற கரை. தொல்காப்பியரின் சொல்வழக்கு அங்கே பஸ்ஸின் பெயர்ப்பலகையில் ஏறிப் பயணம் செய்கிறது.

பழந்தமிழில் பாடு என்பதற்கு ஓசை என்ற பொருளும் உண்டு. கடலின் முழக்கத்தை அச்சொல்லாற் குறித்திருக்கிறார்கள். ஆகவே கடல் எழுப்பும் ஒலியும் பாடு. கடல் தரும் மீனும் பாடு. கடலில் மனிதன் அனுபவிப்பதும் பாடு. இத்தனையையும் ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கிற மக்களிடம் போய்த்தான், 'பொருள் மாறுகிறது' என்று நான் எழுதினேன்.

நெய்தலை நாம் கற்பிக்கும் முறையை இவ்விடத்தில் சற்று நோக்க வேண்டும். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல், தெய்வம் வருணன், மக்கள் பரதவர், நுளையர், அளவர் என்று பட்டியலாகச் சொல்லி மனனம் செய்விக்கிறோம். ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறு பாடியவர் அம்மூவனார் என்பதும் பரீட்சைக்கு வரும். ஆனால் அப்பாடல்களுக்குள் இருக்கும் தொழிலை விட்டுவிடுகிறோம். இரவில் திமில்களில் விளக்கேற்றி மீன் வேட்டையாடியதைப் புலவர்கள் பல இடங்களிற் பாடியிருக்கிறார்கள். நாங்கள் அதை அழகான வருணனை என்று சொல்லிக் கடந்து போவோம். எங்கள் களப்புக் கடலிலே சூள் கொளுத்தி நண்டும் மீனும் பிடிக்கும் வழக்கம் இருந்ததை நினைத்துப் பார்ப்பதில்லை.

பட்டினப்பாலையில் ஒரு செய்தி. முழுமதி நாளிற் பரதவர் கடலுக்குப் போகாமல், சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபட்டு, உண்டு ஆடி மகிழ்வர் என்று உருத்திரங்கண்ணனார் பாடுகிறார். அதை விழா என்று மட்டுமே படிப்பித்தேன். அப்பப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "பறுவத்தில நிலவு அடிக்கும், வலை மீனுக்குத் தெரியும். பாடு இராது. அப்ப கும்பிடுறதுதானே" என்றார். இதுவே காரணம் என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் தொழில் ஓய்கிற நாளில்தான் விழா வரும் என்பதை உழவர் ஊரிற் பிறந்த நான் உணர்ந்திருக்க வேண்டும்.

குறுந்தொகையின் 269ஆம் பாட்டு இன்னும் கூர்மையானது. தலைவி தன் தலைவனுக்குச் செய்தி அனுப்ப விரும்புகிறாள். வீட்டில் யாரும் இல்லை, இப்போது வந்தால் சந்திக்கலாம் என்பதுதான் செய்தி. ஏன் யாரும் இல்லை? சுறா தாக்கிய புண் ஆறியதும் தந்தை மறுபடி கடலுக்குப் போய்விட்டார். தாய் உப்பை மாற்றி நெல் வாங்கி வர உப்பளத்துக்குப் போயிருக்கிறாள். இது களவுக் காதல் என்று குறிப்பெழுதிக் கொடுத்திருக்கிறேன். புண் ஆறியவுடன் கடலுக்குப் போன அந்த மனிதரைப் பற்றி ஒரு கேள்வியேனும் நான் கேட்டதில்லை. அவர் ஏன் இன்னும் சில நாள் இளைப்பாறவில்லை? தாய் ஏன் அன்றே உப்புக்குப் போனாள்? வீட்டில் அரிசி இல்லை என்பது அப்பாட்டில் எழுதாமல் எழுதியிருக்கும் செய்தி என்று இப்போது நினைக்கிறேன். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அந்தப் பெண்ணின் தந்தைக்கும், மண்ணெண்ணெய் இல்லாமல் திண்ணையில் இருந்த இந்தத் தந்தைக்கும் இடையே தூரம் அதிகமில்லை.

நமது ஈழத்து இலக்கியம் இவ்விடத்தில் நமக்கு உதவுகிறது. மஹாகவியின் 'புதியதொரு வீடு' என்ற பாநாடகத்தை நேயர்கள் அறிவீர்கள். கடலுக்குப் போனவன் இறந்தான் என்று எண்ணி, அவன் மனைவி அவனுடைய தம்பியோடு புதுவாழ்வு தொடங்குகிறாள். பிறகு அவன் திரும்பி வருகிறான். யாரும் கெட்டவர் இல்லாத துயரம் அது. அந்நாடகத்தில் வரும் சிறு நண்டின் பாட்டைப் பலர் தனிப்பாட்டாகவே அறிவார்கள். 1973இல் வெளிவந்த செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல், வாடை காலத்தில் வாடி போட்டுத் தொழில் செய்ய வருகிறவர்களின் வாழ்க்கையைச் சொன்னது. 1978இல் திரைப்படமாகவும் வந்தது. இவ்விரண்டிலும் கடல் வெறும் பின்னணித் திரையன்று. மனிதரின் தலைவிதியைத் தீர்க்கிற ஒரு பாத்திரம்.

காற்றின் பெயரைச் சொன்னதால் ஒன்று சொல்லவேண்டும். இலக்கியத்தில் வடக்கே வாடை, தெற்கே தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. எங்கள் கடற்கரையில் வாடையும் கொண்டலும் அப்படியே இருக்கின்றன. கோடைக்குப் பதில் கச்சான். தென்றலுக்குப் பதில் சோளகம். தென்றல் தழுவும், சோளகம் தழுவாது, தள்ளும். மாடத்தில் இருந்து காற்று வாங்கியவரின் சொல் ஒன்று. பாய் விரித்தவரின் சொல் மற்றொன்று. இரண்டும் தமிழ்தான்.

பேச்சுக்கிடையே மதியமாகிவிட்டது. அப்பாச்சி கூழ் காய்ச்சியிருந்தார். எங்கள் பக்கத்தில் கரையோர வீடுகளிற் கை நனைக்கத் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தத் தயக்கத்தை என் முன்னோரிடம் கண்டவன் நான். அன்று நான் தயங்கவில்லை என்பதில் பெருமை ஏதும் இல்லை. தயங்கினோமே என்பதில் வெட்கம் மட்டும் உண்டு.

ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் நீரை ஊற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கைக்கும். சிறிது அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, பயற்றங்காய் முதலில் அவியும். பிறகு மீனும் நண்டும் றாலும் சேரும். அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் மாவும் கரைத்து விட்டால் கூழ் தடிக்கும். கடைசியில் கொஞ்சம் முருங்கையிலை. பிலா இலையைக் கோலிக்கொண்டு சுடச்சுடக் குடிக்க வேண்டும். இதெல்லாம் யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குத் தெரியாதிருந்தது ஒன்று. எங்கள் வீட்டில் கூழுக்கென்று தேடி நல்ல மீன் வாங்குவோம். அப்பாச்சி சொன்னார்: "நல்ல மீன் கரையிலயே காசாப் போயிடும் தம்பி. விலைப்படாத சின்னன் சிறுசுதான் எங்கட கூழுக்கு." ஒன்றுக்கொன்று சேராத அளவில் நாலைந்து சாதி மீன் அந்தப் பானைக்குள் கிடந்ததன் காரணம் அப்போது விளங்கிற்று. நாங்கள் பலவகையும் சேர்ந்த சுவை என்று கொண்டாடுகிற கூழ், விற்று மிஞ்சியதை வீணாக்காத ஒரு தாயின் கணக்கு. அறக்குளாவும் விளைமீனும் பிடிக்கிறவர்கள் ஓராவும் சூடையும் தின்கிறார்கள். பாடு நல்லாய் இருந்தாலும் விலை படுத்துவிடும் நாட்களும் உண்டு. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊரெல்லாம் மரக்கறி. மீன் வாங்க ஆளிருக்காது. எங்கள் விரதம் அவர்களுக்குப் பட்டினியாகிவிடக்கூடாது என்பதையும் நினைக்க வேண்டும்.

அந்த வருடம் ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. கரையில் நிற்கும் இயந்திரப் படகுகள் குடிப்பது மண்ணெண்ணெயைத்தான். போர்க்காலத்தில் பாஸ் இல்லாமற் கடலில் இறங்க முடியாதிருந்தது. 2004இல் ஆழிப்பேரலை படகையும் வலையையும் மட்டுமா கொண்டுபோனது? 2009இல் போர் முடிந்த பின்னும், எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் இவர்களின் வலையை அறுத்துக்கொண்டு போவதாக முறைப்பாடு ஓயவில்லை. அடித்தளத்தைச் சுரண்டும் இழுவை மடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. சட்டம் வந்தும் இரவில் வலை படுத்துவிட்டு நித்திரை கொள்ள முடியவில்லை என்றார் பையனின் தகப்பனார். பொருளாதாரத்தை ஆராய்வது என் வேலையன்று. ஆனால் இவையெல்லாம் அந்த ஒரு வசனத்துக்குள் இருந்தன. "மண்ணெண்ணெய் இல்லாதபடியால் அப்பாவுக்குப் பாடு இல்லை." ஒரு பத்தாந் தரப் பிள்ளை தன் வீட்டு நிலைமையை ஐந்து சொல்லில் ஆசிரியருக்கு எழுதி அறிவித்திருந்தான். ஆசிரியர் அதைத் திருத்தினார்.

கலித்தொகையின் நெய்தற்கலியிலே பண்பு, அன்பு, அறிவு என்பவற்றுக்கெல்லாம் வரைவிலக்கணம் கூறும் புகழ்பெற்ற பாட்டு ஒன்று உண்டு. பண்பு யாது என்று சொல்லுமிடத்தில் அங்கேயும் 'பாடு' என்ற சொல்தான் வருகிறது. உலகத்தார் ஒழுகும் முறை அறிந்து அதற்கேற்ப நடப்பது பண்பு என்பது கருத்து. மேடைகளில் அதை நான் எத்தனையோ முறை எடுத்தாண்டிருக்கிறேன். என் முன்வாங்கில் இருந்த பிள்ளையின் பாடு எனக்குத் தெரியாதிருந்தது.

கட்டுமரம் போய்க் கண்ணாடியிழைப் படகு வந்துவிட்டது. பருத்தி நூல் வலையை மரப்பட்டைச் சாற்றில் தோய்த்த காலம் போய் நைலோன் வந்துவிட்டது. அதில் வருந்த ஒன்றுமில்லை. தொழில் எளிதாவது நல்லதே. ஆனால் பொருள் போகும்போது சொல்லும் போய்விடுகிறது. அப்பப்பாவுக்குத் தெரிந்த காற்று, நீரோட்டம், மீன், வலை பற்றிய சொற்களிற் பாதி பையனுக்குத் தெரியாது. எங்கள் பிள்ளைகள் நெய்தலைப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். நெய்தலிற் பிறந்த பிள்ளைகள் தங்கள் சொல்லைப் பாடசாலை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருகிறார்கள். கரையோரப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் வருடத்தில் ஒரு கொப்பி நிறைய இச்சொற்களைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதுவித்தால் எவ்வளவு பயன்! நான் அதைத் தொடங்கியிருக்கிறேன். மூன்று கொப்பிகள் நிறைந்துவிட்டன.

அடுத்த கிழமை பையன் பாடசாலைக்கு வந்தான். அவனுடைய கொப்பியை வாங்கி, நான் எழுதியதை வெட்டி, அவன் எழுதியதற்குச் சரி போட்டேன். வகுப்பிலும் பிழை என்னுடையது என்று சொன்னேன். கொப்பியை வாங்கிக்கொண்டவன் போகாமல் நின்றான்.

"சேர், சோதனையில எழுதினா, திருத்திறவை சரி போடுவினமோ?" என்று கேட்டான்.

அதற்கு நான் விடை சொல்லவில்லை. விடைத்தாள் திருத்தும் ஆசிரிய நண்பர்கள் பலர் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவனுடைய கேள்வியை உங்களிடம் ஒப்படைத்து விடைபெறுகிறேன்.